மடங்கிய விரல்கள்

ஓட்டு எண்ணி முடித்த ஒன்பதாம் நாள் மாசிலாமணி ஆட்டுச் சந்தைக்குப் போனார்.

ஆடு வாங்கப் போகவில்லை. ஒரு கேள்வி கேட்கப் போனார். அதே கேள்வியை எட்டு நாளாக எட்டுப் பேரிடம் கேட்டுப் பார்த்திருந்தார். எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொன்னார்கள். எட்டிலும் தப்பு அடுத்தவன் மேல்தான் இருந்தது.

மாசிலாமணி கட்சியின் மாவட்டச் செயலாளர். இந்தத் தடவை தானே வேட்பாளராகவும் நின்றவர். முப்பத்தோராயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கிறோம் என்று தலைமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு ஓட்டில் தோற்றார். ஏழாவது சுற்றிலேயே முகம் செத்துவிட்டது. பதினோராவது சுற்றில் எண்ணும் இடத்தின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, எவனோ ஒருவனுடைய ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போனார். முன்வாசலில் அவருக்காக வாங்கி வைத்த சரவெடிக் கட்டுகள் பிரிக்காமல் கிடந்தன.

மூன்றாம் நாள் தலைமையிலிருந்து கடிதம் வந்தது. ஏன் தோற்றோம், யார் காரணம், எப்படி மீள்வது. மூன்றே கேள்வி. திங்கட்கிழமைக்குள் அறிக்கை வேண்டும். பதில் பிடிக்காவிட்டால் பதவி இருக்காது என்று கடிதத்தில் எழுதவில்லை. கடிதத்தைக் கொண்டுவந்தவர் அதை வாயால் சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது கேள்விக்கு மாசிலாமணியிடம் பதில் தயாராக இருந்தது. உள்ளடி வேலை பார்த்தவர்கள் முப்பத்தொரு பேர். பெயர், ஊர், பூத் நம்பர் எல்லாம் தட்டச்சு செய்து சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். அதை அனுப்பிவிட்டால் முப்பத்தொரு பேர் போவார்கள், அவர் இருப்பார். இப்படித்தான் எல்லா மாவட்டத்திலும் நடக்கும். ஆனால் முதல் கேள்வி நெஞ்சில் மீன் முள்ளாட்டம் நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அதனால்தான் இருளாயியைத் தேடி வந்தார்.

இருளாயி ஆட்டுத் தரகர். அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று, மாசிலாமணிக்கு அறுபத்தொன்று. ஆனால் அவர்தான் அவளை அக்கா என்பார். அவள்தான் அவரைத் தம்பி என்பாள். புளியங்கரைச் சந்தையில் வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. ஆட்டின் முதுகில் முதன்முதலாகக் கை வைத்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். இருளாயி கை வைத்தபோது அவளுக்கு ஏழு வயது. மாசிலாமணி கை வைத்தபோது இருபத்தெட்டு. கூட்டாளியை நம்பிச் சைக்கிள் கடையைத் தொலைத்துவிட்டு, கட்டின வேட்டியோடு வந்து நின்ற காலம் அது. எவனும் சேர்த்துக்கொள்ளவில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி, “கயித்தைப் பிடி, பேசாம கூட வா” என்றாள். இரண்டு வருஷம் அவள் பின்னால் நடந்தார். பேரம் பேசப் படித்தது அங்கேதான். பிறகு தோல் மண்டி, லாரி, கட்சி என்று ஏறிப் போனதெல்லாம் அந்த ஒரு படிப்பை வைத்துத்தான். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு நாலாம் வகுப்போடு சரி.

காரைச் சந்தை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். புழுக்கையும் சேறும் படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கும்பிடு போட்டவர்கள் குறைவு. போட்டவர்களும் ஒற்றைக் கையால் போட்டார்கள்.

இருளாயி தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு பெட்டை ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வா தம்பி. தோத்துட்டியாமே?”

“ஊருக்கே தெரியும்.”

“ஊருக்கு மொதல்லயே தெரியுமாம். உனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுதாம்.”

மாசிலாமணிக்குச் சுள்ளென்று ஏறியது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“அதைக் கேக்கத்தான்க்கா வந்தேன். ஏன் தோத்தோம்?”

“எனக்கு வேலை கிடக்கு தம்பி. கறிக்கடைக்காரர் ஒருத்தருக்கு இருபத்திரண்டு கிலோ உயிர் எடையில கிடாய் வேணும். அந்தா, வேலியோரமா நிக்குது பாரு ஒரு வரிசை, அதுல ஒண்ணு பிடிச்சுட்டு வா. அப்புறம் பேசுவோம்.”

“நானா?”

“ஏன், மறந்துபோச்சா?”

மறந்துபோச்சா என்று மாசிலாமணியைப் பார்த்துக் கேட்கலாமா! விறுவிறுவென்று போனார்.

வரிசையில் ஒரு கறுப்புக் கிடாய் தனியாகத் தெரிந்தது. வயிறு நிறைந்து, விலா தெரியாமல், மெத்தென்று நின்றது. ஆட்டுக்காரர் பச்சைத் தலைப்பாகை கட்டிய ஒல்லி மனிதர். மாசிலாமணி தோளில் கிடந்த கட்சித் துண்டை எடுத்து அவர் கை மேல் போட்டார். துண்டுக்கு அடியில் இரண்டு கைகளும் சேர்ந்தன.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். எத்தனை விரல் பிடிக்கிறாரோ அத்தனை நூறு, அத்தனை ஆயிரம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

ஒன்பது நாளில் முதல் தடவையாக மாசிலாமணிக்கு உடம்பில் ரத்தம் ஓடியது. நீட்டிய விரலை மடக்கினார். மடக்கிய விரலை நீட்டினார். இரண்டு தடவை வேண்டாமென்று கையை உதறிவிட்டு நடந்தார். ஒரு தடவை, “நீயெல்லாம் ஆடா வளக்குற, ஆளை ஏய்க்கிறே” என்று திட்டினார். கடைசியில் ஆயிரத்து இருநூறு குறைத்து, கயிற்றைக் கையில் வாங்கினார். ஆட்டுக்காரர் அழாத குறையாக நின்றார்.

கிடாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

“ஆயிரத்து இருநூறு அடிச்சிருக்கேன் அக்கா.”

“அப்படியா,” என்றாள் இருளாயி. கிடாயைத் தொட்டும் பார்க்கவில்லை. வேலிக் கம்பில் கட்டிவிட்டு, “உக்காரு, வர்றேன்” என்று போய்விட்டாள்.

மாசிலாமணி தவிட்டு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. வெயில் ஏறியது. நடுவில் கிடாய் காலை அகட்டி நின்று மூத்திரம் பெய்தது. பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. நிறுத்தி, மறுபடியும் பெய்தது. மண் குழைந்து ஓடி அவர் செருப்பு வரைக்கும் வந்தது. காலைத் தூக்கிக்கொண்டார்.

இருளாயி வந்தாள். மடியிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தாள். எடை போட்டு விற்கிற சந்தை இல்லை அது. கை சொன்னதைச் சரி பார்ப்பதற்கு மட்டும் அவள் அதை வைத்திருந்தாள். கிடாயைச் சாக்கில் உட்காரவைத்து, கொக்கியில் மாட்டி, இருவருமாகத் தூக்கினார்கள்.

பத்தொன்பது.

“தராசு தப்பு,” என்றார் மாசிலாமணி.

“அப்ப இன்னொரு தடவை தூக்கு.”

பத்தொன்பது.

மாசிலாமணி கிடாயைத் திரும்பிப் பார்த்தார். காலையில் பார்த்த ஆடாகவே இல்லை. வயிறு உள்ளே போயிருந்தது. விலா எலும்பு வரிசையாகத் தெரிந்தது.

வேலியோரம் பாய்ந்து போனார். பச்சைத் தலைப்பாகை மற்ற ஆடுகளை விற்றுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

“உப்புத் தண்ணியக் காட்டி ரொப்பிட்டுத்தானேய்யா கொண்டாந்தே?”

“ஆமா,” என்றார் அவர். “எல்லாரும் அதான் செய்யுறோம். வாங்க வர்றவரு முதுகுல கை வைப்பாரு, தொடையைப் பிடிப்பாரு, இவ்வளவுதான்யா தேறும்னுட்டு விலையைக் குறைப்பாரு. நீங்க கையே வைக்கலையே? சட்டை அழுக்காயிரும்னு பாக்குறீங்கன்னு நெனைச்சேன்.” வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினார். “பேரம் நல்லாப் பேசுனீங்க. அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.”

அழாத குறையாக நின்ற ஆள் இப்போது சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

மாசிலாமணி திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. ஆனால் கொஞ்சம் தெளிந்தும் இருந்தது. மூட்டையில் உட்கார்ந்தார்.

“வெளங்கிருச்சுக்கா.”

“என்ன வெளங்குச்சு?”

“கூட்டம்தான் தண்ணி. ஊர் ஊரா லாரியில ஏத்திட்டு வந்த கூட்டம். அதைப் பாத்து ஏமாந்துட்டோம்.”

இருளாயி தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டவில்லை.

“லாரியை அனுப்புனது யாரு?”

“நான்தான்.”

“ஆளுக்குப் பிரியாணிப் பொட்டலம் குடுத்தது?”

“நான்தான்.”

“அப்ப ஏமாந்தேன்னு சொல்லாத. தண்ணி காட்டுனவன் தண்ணியப் பாத்து ஏமாற மாட்டான். பச்சைத் தலைப்பா ஏமாந்தாரா?”

மாசிலாமணி கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். தனக்குப் பிடித்த பதிலை எடுத்து நீட்டினார்.

“அப்படின்னா இதுதான் காரணம். முப்பத்தொரு பேர். உள்ள இருந்துக்கிட்டே குழி பறிச்சவனுங்க. திங்கக்கிழமை எல்லாத்தையும் தூக்கிடுவேன்.”

இருளாயி தாளை வாங்கி, கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து வாசித்தாள்.

“மொதப் பேரு சோணைமுத்து. யாரு?”

“வேலாங்குளம். நூத்திப் பதினாலாம் பூத்தோட முகவர். மாவு மில்லு வச்சிருக்கான். இருக்கறதுலயே பெரிய துரோகி அவன்தான்.”

“என்ன செஞ்சான்?”

“ஓட்டுப் பதிவுக்குப் பன்னெண்டு நாளைக்கு முன்னாடி பூத் ஆளுங்க எல்லாத்தையும் ஆபீசுக்கு வரச் சொன்னேன். இருநூத்து அறுபத்தெட்டு பேர். உன் பூத்துல எத்தனை ஓட்டு முன்னாடி இருக்கோம்னு ஒவ்வொருத்தனா வந்து சொல்லணும்.” இங்கே மாசிலாமணிக்கு லேசாகப் பெருமை வந்தது. “வாயால இல்லை. நம்ம சந்தைப் பாணியில. துண்டைப் போட்டு.”

“துண்டைப் போட்டு?”

“ஆமாக்கா. ஒரு விரலுக்கு அம்பது ஓட்டு. ஒருத்தன் ஒரு விரல் நீட்டுவான். விட்டுருவேனா? ‘என்னடா அம்பது, போன தடவை உங்கப்பன் இருந்தப்ப நூத்தம்பது வந்துச்சு’ன்னு இன்னும் ரெண்டு விரலை இழுத்து நீட்டிருவேன். சரிண்ணே, சரிண்ணேம்பான். எல்லாவனும் படிஞ்சான். பசங்களுக்கு ஒரே சிரிப்பு. அண்ணன் சந்தையில கத்துக்கிட்ட வித்தைன்னு கைதட்டுனாங்க. கூட்டிப் பாத்தா முப்பத்தோராயிரம்.”

“சோணைமுத்து?”

“கையை மூடிக்கிட்டான். துண்டுக்குள்ள முட்டி மாதிரி வச்சிருக்கான். நான் இழுக்குறேன், விரலு நீளவே மாட்டேங்குது. என்னடான்னேன். ‘அறுபத்திரண்டு பின்னாடி இருக்கோம்ணே’ன்னான். எல்லாருக்கும் கேக்குற மாதிரி. வாக்காளர் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு வீடு வீடாப் போயிருக்கான். மில்லுக்கு மாவு அரைக்க வர்ற பொம்பளைகள்கிட்டயும் விசாரிச்சிருக்கான். ஊர்த் தண்ணி மோட்டார் எரிஞ்சு அஞ்சு மாசமாச்சாம். ஒன்றியம் நம்ம கையிலதானே இருக்கு, இந்த ஒண்ணை மட்டும் செஞ்சு குடுங்கண்ணே, பாதியாவது திரும்பும்கறான்.”

“நீ என்ன சொன்னே?”

“சரி, சமமா எழுதிக்கோன்னேன். இல்லண்ணேன்னான். ஒரு பத்துப் பின்னாடின்னாவது எழுதுன்னேன். அவ்வளவு எறங்கி வந்தேன்க்கா! அதுக்கும் இல்லைங்கறான். எனக்குக் கோபம் வந்துருச்சு. ‘எவன்கிட்டடா காசு வாங்குனே’ன்னு, அவன் தோள்ல கிடந்த கட்சித் துண்டை உருவிட்டு வெளிய போடான்னுட்டேன்.”

“எண்ணுனப்ப அந்தப் பூத்துல என்ன வந்துச்சு?”

மாசிலாமணி விரலால் தாளைத் தட்டினார்.

“அங்கதான் மாட்டுனான். அறுபத்து நாலு பின்னாடி. ரெண்டே ஓட்டுதான் வித்தியாசம்! சதி செஞ்சவனுக்குத்தானேக்கா இவ்வளவு துல்லியமா மொதல்லயே தெரியும்?”

இருளாயி தாளை மடித்து அவர் மடியிலேயே வைத்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள்.

“சரி, அது கிடக்கட்டும். கறிக்கடைக்காரர் வர்ற நேரம். இந்தக் கிடாயை அவருக்குச் சொல்லணும். கையைக் குடு.”

மாசிலாமணி கையை நீட்டினார். அதன் மேல் துண்டு விழுந்தது. அடியில் அவள் கை வந்து பிடித்தது. ஆட்டுக்கயிறு பிடித்துக் காய்த்த கை.

“இருபதுக்கு மேல எத்தனை கிலோன்னு காட்டு.”

“இருபதே இல்லையேக்கா. பத்தொன்பதுதானே.”

“அதெல்லாம் தெரியும். எத்தனை?”

மாசிலாமணி கையை மூடிக்கொண்டார்.

“என்ன தம்பி, இருபத்திரண்டுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ரெண்டு விரலை நீட்டு.”

“எப்படிக்கா நீட்டுறது?”

“சரி போ. ஒரு விரலு. உனக்காக எறங்கி வர்றேன்.”

“எறங்கினா மட்டும்?”

“இருபதாவது சொல்லு. ஆயிரத்து இருநூறு அடிச்ச ஆளு, ஒரு கிலோ தர மாட்டியா?”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். இருளாயி சிரிக்கவில்லை. துண்டுக்கு அடியில் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்தாள். அவர் மடக்கினார். நகம் பதிய இழுத்தாள். எலும்பு நெட்டி முறிந்தது. ஒரு விரல் நீண்டது. அடுத்த விரலைப் பிடித்தாள்.

“வலிக்குதுக்கா.”

“யாருக்கு?”

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் இழுப்பதற்கு விட்டுவிட்டார். இரண்டாவது விரலும் நீண்டது.

இருளாயி துண்டை எடுத்தாள். வெயிலில் மாசிலாமணியின் இரண்டு விரல்களும் நீட்டினபடி இருந்தன.

“இருபத்திரண்டு ஆச்சு,” என்றாள். “இப்ப ஆட்டைத் தூக்கு.”

அவர் தூக்கவில்லை.

“தூக்கு தம்பி. பேசி முடிச்சாச்சுல்ல?”

சாக்கைப் பிடித்துத் தூக்கினார்கள். தராசு ஆடியது. ஆடி நின்றது. மாசிலாமணி அதைப் பார்த்தார். கிடாயை இறக்கிவிட்டு, நீட்டியிருந்த தம் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தை கலைந்துகொண்டிருந்தது. ஆடு ஏற்றிய வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

“அன்னைக்கு இருநூத்து அறுபத்தெட்டு பேர்,” என்றார் கடைசியில். “அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கும்.”

இருளாயி சாக்கை உதறி மடித்தாள்.

“ஒருத்தனாவது சொல்லியிருக்கலாம்ல?”

“ஒருத்தன் சொன்னானே.”

மாசிலாமணி தாளைப் பிரித்தார். பேனாவை எடுத்து முதல் பெயரை அடித்தார். இரண்டு தடவை அடித்தார், தாள் கிழிகிற மாதிரி.

“மிச்சம் முப்பது பேரு?” என்றாள் இருளாயி.

“எல்லாரும் அப்படி இல்லக்கா. பத்துப் பேராவது நெசமாவே எதிராளிக்கு வேலை பாத்தானுங்க.”

“கை வச்சுப் பாத்தியா?”

“ஒரு... நாலு பேரு.”

“நாலு பேரை நீயே பாத்தியா?”

“ரெண்டு பேரு,” என்றார் மாசிலாமணி. “ரெண்டு பேரை என் கண்ணால பாத்தேன்.”

“அதை எழுது.”

“ரெண்டே பேரை எழுதி அனுப்புனா தலைமையில கேப்பாங்க. மிச்ச ஓட்டெல்லாம் எங்க போச்சும்பாங்க. நான்தான் காரணம்னு வந்து நிக்கும். பதவி போயிருமே?”

“போகலாம்.”

“என்னக்கா இப்படிச் சொல்றீங்க? முப்பது வருஷம். கொடி கட்ட ஏணி பிடிச்சதுலேருந்து ஏறி வந்தவன் நான். எனக்கு எவன் கை குடுத்தான்?”

“நான் குடுத்தேன்,” என்றாள். “வேணும்னா திருப்பிக் குடு. பத்தொன்பது கிலோ ஆட்டை இருபத்திரண்டுன்னு விக்க நான் உனக்குச் சொல்லிக் குடுத்தேனா?”

மாசிலாமணிக்கு மறுபடியும் சுள்ளென்று ஏறியது. எழுந்தார். கார் நிற்கும் பக்கம் பத்தடி நடந்தார். இரண்டு தடவை கையை உதறிவிட்டு நடந்தாரே காலையில், அந்த நடை. ஆனால் பேரத்தில் நடந்து போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். இருளாயி கூப்பிடவில்லை. அவர் தானாகவே திரும்பி வந்தார்.

“இந்தக் கிடாயை என்ன செய்யுறது?” என்று கேட்டார். கேட்க வேண்டியது அது இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

“கயிறு கை மாறிட்டா திருப்பித் தர்ற வழக்கம் இல்லை. கறிக்கடைக்காரருக்கு வேற பாத்துக்கறேன், இதை இங்க விட்டுட்டுப் போ. என் ஆடுகளோட மேயட்டும். மூணு மாசத்துல இருபத்திரண்டு வரும்.”

“தண்ணி காட்டாமயா?”

“தண்ணி குடிக்கும். தவிச்சாக் குடிக்கும்.”

மாசிலாமணி கிடாயின் பக்கத்தில் போய்க் குனிந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அதன் முதுகில் கை வைத்தார். தண்டெலும்பின் இரண்டு பக்கமும் விரலை அழுத்தி வால் வரைக்கும் கொண்டுபோனார். முழுக்கைச் சட்டையில் அழுக்கு ஒட்டியது. துடைக்கவில்லை.

“பத்தொன்பது கூட இல்லக்கா,” என்றார். “பதினெட்டேமுக்கால் இருக்கும். சாக்கு எடையும் சேந்திருக்கு.”

இருளாயி முதல் தடவையாகச் சிரித்தாள்.

“கை இருக்கு,” என்றாள்.

“மூணாவது ஒரு கேள்வி இருக்குக்கா. எப்படி மீள்றதுன்னு ஒரு பக்கம் எழுதணும். வேலாங்குளம் போலாம்னு பாக்குறேன். சோணைமுத்து வீட்டுக்கு.” தயங்கினார். “நாலு பேரு முன்னாடி துண்டை உருவுனவன் நான். ஒரு நல்ல சால்வையா வாங்கிட்டுப் போயி...”

“வேணாம்.”

“இந்தக் கிடாயைக் குடுத்தா?”

“எதைக் குடுத்தாலும் பேரம் பேச வந்திருக்கேன்னு நெனைப்பான். வெறுங்கையோட போ.”

“போயி என்ன கேக்கறது? அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு எத்தனை ஓட்டுத் தேறும்னா?”

“ஓட்டைப் பத்திப் பேசாத. தண்ணி மோட்டார் ஓடுதான்னு கேளு.”

மாசிலாமணி யோசித்தார். இத்தனை நாளில் அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஓடுகிறதா, இல்லையா என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

“ஓடலைன்னு சொன்னா?”

இருளாயி தராசைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டாள். வேலிக் கம்பிலிருந்து கிடாயை அவிழ்த்தாள்.

“ஓடலைன்னு எழுது,” என்றாள்.